காரின் மூளையை யாரிடம் ஒப்படைப்பது?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் பெயர்ப் பலகை இல்லை. ரசீதுப் புத்தகமும் இல்லை. ஆனாலும் வண்டியை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். வேலை சரியில்லை என்றால் மறுநாள் காலையிலும் அவர் அதே மரத்தடியில்தான் இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் வருவோம் என்பது அவருக்கும் தெரியும். பொருளாதாரம் கற்பித்த காலத்தில், 'நற்பெயர் என்பதும் ஒரு மூலதனம்' என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்த வேப்பமரம்தான் என் நினைவுக்கு வரும்.

என் தங்கை மகன் சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். சிதம்பரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் நோயாளிகளை அழைத்துச் செல்வதுதான் பெரும்பாலான சவாரி. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. கடந்த ஆண்டு ஒரு மாலையில் வந்து, "மாமா, எஞ்சினைத் திறக்கவே மாட்டாங்களாம். ஒரு வயரைச் செருகி, லேப்டாப்ல முக்கால் மணி நேரம் வேலை செய்வாங்களாம். இழுவையும் கூடுமாம், லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் மைலேஜும் கூடுமாம். பதினெட்டாயிரம் கேக்குறாங்க, வீட்டுக்கே வந்து செஞ்சு தர்றாங்க" என்றான். "கொஞ்சம் பொறு, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். நான் விசாரித்து முடிப்பதற்குள் அவன் செய்து முடித்திருந்தான்.

எஞ்சின் ரீமேப்பிங் எனப்படும் இந்தச் சேவை இன்று பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டது. கடை இல்லை, ஒரு கைப்பேசி எண்ணும், ஒரு மடிக்கணினியும், ஓர் இணைப்புக் கம்பியும் போதும். இதை நம்பலாமா என்ற கேள்வி கார் ஆர்வலர்களுக்கு மட்டும் உரியதன்று. கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாத ஒன்றை விலை கொடுத்து வாங்கும்போது எதை வைத்து நம்புவது என்ற பொதுக் கேள்வியின் ஒரு முகம் இது.

முதலில், அங்கே நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். கடந்த கால் நூற்றாண்டில் வந்த பெரும்பாலான கார்களில் எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணினி. எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எத்தனை துளி எரிபொருளை, எந்தக் கணத்தில் பீய்ச்ச வேண்டும். டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும். முறுக்குவிசை எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பனவெல்லாம் அதன் நினைவகத்தில் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்த அட்டவணைகளுக்குத்தான் 'மேப்' என்று பெயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுது கண்டறிவதற்காக வைத்திருக்கும் இணைப்பு வழியாக அவற்றைப் படித்து, எண்களை மாற்றி, மீண்டும் எழுதிவிடுவதே ரீமேப்பிங்.

இதில் மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட எதுவும் இல்லை. டர்போ பொருத்திய எஞ்சினில் காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டினால் விசை கூடும், இது இயற்பியல். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம் என்பதும் அதே இயற்பியல்தான்.

அப்படியானால் தயாரிப்பாளர் ஏன் அந்த விசையை முதலிலேயே தரவில்லை? இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. கெடிலத்தின் கரையை ஆண்டின் பெரும்பகுதி பார்ப்பவர்களுக்கு, இந்தச் சிறு ஓடைக்கு இவ்வளவு உயரக் கரை எதற்கு என்று தோன்றும். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அந்த ஐயம் வராது. தயாரிப்பாளர் விட்டுவைக்கும் இடைவெளியும் அத்தகையதே. சித்திரை வெயில், தரம் குறைந்த எரிபொருள், அடைபட்ட காற்று வடிகட்டி, உரிய காலத்தில் மாற்றாத ஆயில், நான்கு பேர் அமர வேண்டிய காரில் ஏழு பேர் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் தாங்க வேண்டும் என்பதற்கான கரை அது. ரீமேப்பிங் செய்பவர் எங்கிருந்தோ விசையைக் கொண்டுவருவதில்லை. அந்தக் கரையின் உயரத்திலிருந்து சில அடிகளை வெட்டி எடுத்து நமக்கே விற்கிறார்.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரிக்கப்பட்டு 2012-இல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டர் காரை எடுத்துக்கொள்வோம். 1,461 சி.சி. கொள்ளளவு கொண்ட ஒரே டீசல் எஞ்சின் குடும்பம் 85 குதிரைத்திறன், 110 குதிரைத்திறன் என இரு வடிவங்களில் கிடைத்தது. முறுக்குவிசை முன்னதில் 200 நியூட்டன் மீட்டர், பின்னதில் 248. 'ஒரே எஞ்சின்தானே, வித்தியாசம் மென்பொருளில் மட்டும்தான்' என்பது விற்பவர்கள் விரும்பிச் சொல்லும் வாதம். உண்மையில் 110 குதிரைத்திறன் வடிவத்துக்கு, இதழ்களின் கோணம் மாறும் வேறு வகை டர்போவும் ஆறு வேகக் கியர்பெட்டியும் கொடுக்கப்பட்டன. 85-க்குச் சாதாரண டர்போவும் ஐந்து வேகக் கியர்பெட்டியும்தான். விசையைக் கூட்ட விரும்பிய தயாரிப்பாளரே இரும்பையும் மாற்ற வேண்டியிருந்தது. எண்களை மட்டும் மாற்றுபவர், பழைய இரும்பிடம் புதிய வேலையை வாங்குகிறார்.

தங்கை மகன் கதைக்கு வருகிறேன். முதல் சில வாரங்கள் வண்டி பறந்தது என்றான். அதை நான் ஐயுறவில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே நிறையத் திறக்கும்படி ஓர் அட்டவணையை மாற்றினால், எஞ்சினின் உச்ச விசை இம்மியும் கூடாமலேயே 'பறக்கும்' உணர்வு கிடைக்கும். ஓட்டுநரின் முதுகு அளவுகோல் ஆகாது. மைலேஜ்? "திரையில் ரெண்டு கூடக் காட்டுது மாமா" என்றான். அந்தத் திரையில் வரும் எண்ணும் அதே கணினி, தான் பீய்ச்சியதாக நம்பும் எரிபொருளைக் கொண்டு போடும் கணக்குதான். பீய்ச்சும் அளவைப் பற்றிய அட்டவணையைத் திருத்தினால் திரையின் கணக்கும் பிசகலாம். தராசையும் சரக்கையும் ஒருவரே கொண்டுவந்து, அவரே எடை போட்டுக் கொடுக்கும் வியாபாரம் இது. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறையில் மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். கூடியது லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்தான்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம். பழைய மைலேஜ் 18. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று கொள்வோம். சொன்னபடி 20 கிடைத்திருந்தால் மாதம் சுமார் 1,530 ரூபாய் மிச்சம். 18,000 ரூபாய் முதல் ஓராண்டுக்குள் திரும்பியிருக்கும். கிடைத்தது 18.5 என்றால் மாத மிச்சம் சுமார் 415 ரூபாய். முதல் திரும்ப 43 மாதங்களுக்கு மேலாகும். இடையில் எதுவும் பழுதாகாமல் இருந்தால்!

ஐந்தாம் மாதம், சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது கிளட்ச் வழுக்கியது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. நல்லவேளையாக அன்று காரில் நோயாளி யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் வண்டியை இறக்கினோம். கிளட்ச் தேய்ந்திருந்தது. கூடுதல் முறுக்குவிசையால் தேய்ந்ததா, ஓடிய ஓட்டத்தில் தேய்ந்ததா? மெக்கானிக் நேர்மையாகச் சொன்னார்: "சார், இரும்பு கெட்டா என் கைக்குத் தெரியும். உள்ள எழுதுனது கெட்டா எனக்கு எப்படித் தெரியும்?" செய்து தந்தவரைக் கைப்பேசியில் அழைத்தோம். எண் பயன்பாட்டில் இல்லை என்றது. ரசீது இல்லை. பழைய மென்பொருளின் நகலும் நம் கையில் இல்லை.

ஜார்ஜ் ஆகெர்லோஃப் 1970-இல் எழுதிய, பழைய கார் சந்தையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படை அந்தச் சிந்தனையே. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் பிரித்தறிய வழியில்லாமல் ஒரே விலை உருவாகும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு விலகிவிடும். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-இல் இன்னொரு வகையைச் சுட்டினார்கள்: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அதன் தரத்தை நுகர்வோரால் தெரிந்துகொள்ள முடியாத சேவைகள். பழைய காரின் குறை சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். ரீமேப்பிங் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கிளட்ச் போன பிறகும் காரணம் எது என்று எங்களால் சொல்ல முடியவில்லை அல்லவா?

இத்தகைய சந்தையில், வீடு தேடி வருவது வசதி போலத் தோன்றினாலும் அதுவே பலவீனமும் ஆகிறது. கடை வைத்திருப்பவர் தன் முகவரியை நம்மிடம் பிணையாக வைத்திருக்கிறார். மடிக்கணினியோடு வந்து போகிறவர் எதையும் பிணை வைக்கவில்லை. இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. வாசலுக்கு வருகிறவர் பல நேரங்களில் அட்டவணைகளைத் தாமே எழுதுவதில்லை. காரிலிருந்து கோப்பைப் படித்து, வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஒருவருக்கு இணையத்தில் அனுப்புகிறார். கட்டணம் செலுத்தித் திருத்திய கோப்பைப் பெற்று, நம் காரில் ஏற்றுகிறார். எழுதியவர் நம் காரைப் பார்த்ததில்லை; ஏற்றியவருக்கு எழுதப்பட்டதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏற்றும்போது பேட்டரி தளர்ந்து மின்னழுத்தம் குறைந்தால் கணினியே முடங்கிப்போகும் ஆபத்தும் உண்டு.

எல்லோரும் இப்படியே என்று நான் சொல்லவில்லை. சொந்தமாக டைனோ என்னும் விசை அளவிடும் மேடை வைத்து, ஒவ்வொரு எஞ்சினையும் ஓட்டிப் பார்த்து, படிப்படியாக எண்களை மாற்றும் தேர்ந்த பொறியாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆகெர்லோஃப் சொன்னபடி, அரைகுறைகளால் அதிகம் நஷ்டப்படுகிறவர்களும் அவர்களே.

இதுவரை சொன்னது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம். மூன்றாவது தரப்பு ஒன்றுண்டு. சாலையில் மூச்சு விடுகிற நாம்தான் அது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்ற வரம்பைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், நுண்துகள் வரம்பை 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும் குறைத்தன. இதற்காகவே புகைக்குழாயில் துகள் வடிகட்டியும், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குத் திருப்பும் வால்வும் பொருத்தப்படுகின்றன. நகருக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் இந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றச் செலவும் அதிகம். 'வடிகட்டியை எடுத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் மென்பொருளில் சரிசெய்து தருகிறோம்' என்பது இத்தொழிலில் வெளிப்படையாகவே பேசப்படும் பேரம். நம்முடைய புகைச் சோதனை மையங்களில் டீசல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆகவே திருப்புவால்வை முடக்கியது யாருக்கும் தெரியப் போவதில்லை.

மென்பொருளால் ஏமாற்றுவது பெரிய நிறுவனங்களுக்கும் புதிதன்று. சோதனைக்கூடத்தில் ஒருவிதமாகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் மென்பொருளைப் பொருத்தியதாக ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றம் சாட்டியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அது இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் மீதான கட்டாய நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் பின்னர் தடை விதித்தது. ஒரு பெரிய நிறுவனத்தைப் பிடிக்க முடிந்தது, அதற்கு முகவரி இருந்ததால். அதே அமெரிக்காவில், பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் உரிமையாளர்களே மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றியிருப்பதாக அந்த முகமை 2020-இல் மதிப்பிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையின் காற்றைக் குறித்துப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்துவரும் ஊர் கடலூர். ஆலையின் புகைபோக்கிக்கு வடிகட்டி கேட்கும் நாம், நம் காரின் வடிகட்டியைக் கழற்ற 18,000 ரூபாய் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அந்தப் பிரிவு மென்பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்று விற்பவர்கள் வாதிடலாம். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் தனி. இரண்டிலும் சிக்குகிறவர் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டு போனவரல்லர், வண்டியின் உரிமையாளரே. காப்பீடும் அப்படித்தான். முக்கியமான உண்மைகளை மறைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை. மாற்றத்தைத் தெரிவிக்காத வண்டி விபத்துக்குள்ளானால், இழப்பீட்டு மனு மீது கேள்வி எழுப்ப நாமே வாய்ப்பளித்தவர்களாவோம்.

அப்படியானால் முற்றாகத் தடுத்துவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. தடை செய்தால் தொழில் ஒழியாது. இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் அணையும். நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடையில் உரைகல்லையும் கடைக்காரரின் முகத்தையும் மட்டும் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. ஹால்மார்க் முத்திரை 2000-இல் விருப்பத் தேர்வாக வந்து, 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. நம்பிக்கையை மனிதரிடமிருந்து முத்திரைக்கு மாற்றிய ஏற்பாடு அது. வாகனத் துறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. பெட்ரோல் காருக்கு எரிவாயுக் கருவி பொருத்த வேண்டுமானால், ஒப்புதல் பெற்ற கருவியை, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பொருத்தி, பதிவுச் சான்றிலும் குறிக்கச் செய்யலாம். ஜெர்மனியில் எஞ்சின் மென்பொருள் மாற்றத்தையும் தொழில்நுட்பப் பரிசோதகர் பார்த்து, வாகன ஆவணத்தில் பதிந்தால்தான் அந்த வண்டி சாலையில் ஓட முடியும். ஒரகடத்திலேயே மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குறிப்பிட்ட மாடலுக்கு, குறிப்பிட்ட மென்பொருளை அங்கே சோதித்து ஒப்புதல் தரவும், அதை ஏற்றுபவர்களைப் பதிவு செய்யவும் ஒரு வழிமுறையை அரசு வகுக்கலாம்.

அதுவரை, செய்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில நிபந்தனைகளைச் சொல்வேன். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியிலும் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டியிலும் கை வைக்க வேண்டாம். வடிகட்டியையோ வால்வையோ முடக்குகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காற்றை ஏமாற்றத் துணிந்தவர் உங்களை ஏமாற்றத் தயங்க மாட்டார். முதலில் கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் ஆகியவற்றின் நிலையை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். அட்டவணையை எழுதுவது யார் என்று கேளுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டைனோ அளவீட்டைத் தாளில் கேளுங்கள். பழைய மென்பொருளின் நகலை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை நாட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் யார் மீது புகார் என்பதற்குச் சான்று வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இத்தனைக்கும் ஒருவர் மறுப்பின்றி உடன்பட்டால் அவரை நம்புவதில் பொருளுண்டு. அவர் வீட்டுக்கு வருகிறாரா, கடையில் இருக்கிறாரா என்பது பிறகு இரண்டாம்பட்சம்தான்.

புதிய கிளட்ச் பொருத்தி வண்டி மீண்டும் ஓடுகிறது. நிறுவனத்தின் சேவை மையம் ஒன்றில் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிட்டோம். அதற்கும் தனிக் கட்டணம். போன மாதம் தங்கை மகன் அதே ஜிப்மர் சாலையில் ஒரு முதியவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வந்த பிறகு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். "இழுவை கொஞ்சம் கம்மிதான் மாமா. ஆனா வழியில நின்னுடுமோன்னு பயமில்ல" என்றான். வாடகைக் கார் ஓட்டும் ஒருவனுக்கு அந்தப் பயமின்மையின் விலை எவ்வளவு என்று, பொருளாதாரம் கற்பித்த எனக்கே கணக்கிடத் தெரியவில்லை. ஆனால் 18,000 ரூபாயை விட அது அதிகம் என்பது மட்டும் தெரிகிறது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), கடலூர்.